பிரதி இருந்தும் தரவு போவது எப்படி? மலையகத்துச் சர்வர் அறை ஒன்றை வைத்து ஒரு விளக்கம்

2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரச நிறுவனங்களின் மின்னஞ்சல் சேவை ரான்சம்வேர் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவிலேயே மீண்டுவிட்டது. ஆனால் அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. சர்வரோடு சேர்த்து பேக்கப்பும் பூட்டப்பட்டிருந்தது. இணைப்பிலிருந்து கழற்றித் தனியே வைத்த பேக்கப் அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

2025 செப்டம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் டேஜான் நகரில் அரச தரவு மையமொன்றில் லித்தியம் பேட்டரி தீப்பற்றியது. 709 அரச கணினி அமைப்புகள் நின்றன. அரச ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்த 'ஜி-டிரைவ்' என்ற களஞ்சியம், 858 டெராபைட், முழுதாக அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே பிரதி எடுக்கப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்து டித்வா புயல் நம் மலைகளுக்கு வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். வீதி, ரயில் பாதை, மின்சாரம், தொலைபேசி எல்லாம் சேர்ந்தே அறுந்தன. உயிர்களுக்கு முன்னால் தரவு ஒரு பொருட்டில்லைதான். ஆனால் காணாமற்போனோர் பட்டியல், நிவாரணம், இழப்பீடு என்று மறுநாள் தொடங்கும் ஒவ்வொரு வேலைக்கும் யாரோ ஒருவர் ஒரு பதிவைத் தேடுகிறார்.

இப்படியான செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்றுதான்: "இத்தனை பெரிய இடம், ஒரு கொப்பிகூடவா எடுத்து வைக்கவில்லை?" பல இடங்களில் கொப்பி இருந்தது என்பதுதான் உண்மை. அது எந்த ஆபத்துக்காக எடுக்கப்பட்டதோ, அந்த ஆபத்து வரவில்லை, வேறொன்று வந்தது. இந்த வேறுபாட்டை அடியிலிருந்து பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரு பெருந்தோட்டக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். இது கற்பனைக் கம்பனி. ஹட்டனைச் சுற்றி 15 தோட்டங்கள், ஹட்டனில் ஒரு சர்வர் அறை, கொழும்பில் தலைமை அலுவலகம். செக்ரோல் (தொழிலாளர் வருகை இடாப்பு), கொழுந்து நிறுவை, சம்பளம், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு எல்லாம் ஹட்டன் சர்வரில். ஒரு தொழிலாளிக்கு இன்றைக்கு முழுப் பேர் விழுந்ததா, அரைப் பேர் விழுந்ததா (முழு நாள் வேலையாகப் பதிந்ததா, அரை நாளாகவா) என்பது அந்த டிஸ்க்குகளில்தான் இருக்கிறது.

## ஒரே சொல்லுக்குள் ஒளியும் நான்கு வேலைகள்

'பேக்கப் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அவர் கீழே உள்ள நான்கில் எதைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும்.

1. ரெய்ட். பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்றோ இரண்டோ பழுதானாலும் வேலை நிற்காமல் பார்க்கும் முறை. டிஸ்க் பழுதுக்கு மட்டும்தான் இது மருந்து. அறையில் தண்ணீர் புகுந்தால் எல்லா டிஸ்க்கும் ஒன்றாக நனையும்.

2. ஸ்னாப்ஷாட். ஒரு குறிப்பிட்ட நொடியில் தரவு எப்படி இருந்தது என்பதன் உறைந்த நிலை. காலை 10 மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, 11 மணிக்கு யாராவது தவறாக அழித்தால் 10 மணி நிலைக்குத் திரும்பலாம். பெரும்பாலான ஸ்டோரேஜ்களில் இது முழுப் பிரதி கிடையாது. மாறாத பகுதிகளை மூலத்தோடு பங்குபோட்டுக்கொள்கிறது. மூல டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் போகும்.

3. ரெப்ளிகேஷன். ஹட்டனில் எழுதப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் கொழும்பில் உள்ள இன்னொரு ஸ்டோரேஜுக்கும் தொடர்ந்து அனுப்புவது. ஹட்டன் கட்டிடமே இல்லாமல் போனாலும் கொழும்பில் வேலையைத் தொடரலாம்.

4. பேக்கப். பழைய நிலைகளை நாள் வாரியாக, வேறு ஊடகத்தில், வேறு கையில் ஒதுக்கி வைப்பது. திரும்ப எடுக்க நேரமாகும். ஆனால் மூன்று மாதத்துக்கு முந்தைய நிலைக்கும் போக இதுதான் வழி.

ரெப்ளிகேஷன் இடத்தால் விலகி நிற்கிறது, பேக்கப் காலத்தால் விலகி நிற்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று முடிவெடுத்த இடங்களில்தான் பெரும்பாலான இழப்புகள் நடக்கின்றன.

## எவ்வளவு இழக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம்

அனர்த்த மீட்பு பற்றிய எந்தப் பேச்சும் இரண்டு அளவுகளில் தொடங்கும். முதலாவது ஆர்பிஓ (மீட்புப் புள்ளி இலக்கு): கடைசியாகப் பத்திரமான நிலைக்கும் அனர்த்தம் நடந்த நொடிக்கும் இடையே எவ்வளவு நேரத் தரவை இழந்தால் தாங்கும்? இரண்டாவது ஆர்டிஓ (மீட்பு நேர இலக்கு): வேலை மீண்டும் தொடங்க எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

இரண்டையும் தொழில்நுட்பக்காரர்கள் தீர்மானிக்கக் கூடாது. தோட்டத்தைத் தெரிந்தவர்கள் தீர்மானிக்க வேண்டும். கொழுந்து நிறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் நிறுத்த எடை ஒரு துண்டிலும் எழுதப்பட்டால், அரை நாள் தரவு போனாலும் அந்தத் துண்டுகளை வைத்து மீண்டும் பதியலாம். நிறுவை மின்தராசிலிருந்து நேரே சர்வருக்குப் போய், கையில் எதுவும் மிஞ்சாவிட்டால், இழந்த 10 நிமிடத்துக்குள் எத்தனையோ பேருடைய கிலோக்கள் இருக்கும். அவற்றை யாராலும் நினைவிலிருந்து எழுத முடியாது. ஆக, காகிதத்தை ஒழிக்கும் ஒவ்வொரு முறையும் ஆர்பிஓவை நாம் இறுக்குகிறோம். 'டிஜிட்டல் ஆக்கிவிட்டோம்' என்று மகிழும் கூட்டங்களில் இந்தக் கணக்கை யாராவது எழுந்து கேட்க வேண்டும்.

ஆர்டிஓவும் நாளுக்கு நாள் மாறும். மாதத்தின் நடுவில் சம்பள மென்பொருள் இரண்டு நாள் நின்றால் தொந்தரவு, அவ்வளவுதான். சம்பளத்துக்கு முதல் நாள் நின்றால் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவது தள்ளிப்போகும்.

## ஒளியின் வேகத்துக்கும் ஒரு எல்லை உண்டு

ரெப்ளிகேஷனில் இரண்டு வகை. ஒத்திசைவு முறையில், ஹட்டனில் எழுதியது கொழும்பிலும் எழுதப்பட்டதாகப் பதில் வந்த பின்னரே 'சரி, சேமித்தாயிற்று' என்று மென்பொருளுக்குச் சொல்லப்படும். ஒத்திசைவற்ற முறையில் ஹட்டனில் எழுதியதுமே 'சரி' சொல்லப்படும். கொழும்புக்கு அப்புறம் போய்ச் சேரும்.

முதல் முறையில் இழப்பு பூச்சியம் என்பதால், எல்லோரும் ஏன் அதையே பயன்படுத்துவதில்லை? தூரம்தான் காரணம். ஃபைபருக்குள் (தரவை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழைக்குள்) ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ விநாடி. ஃபைபர் வளைந்து நெளிந்து போகும் வழி 150 கிலோமீட்டர் என்று வைத்தால், போய்த் திரும்ப 1.5 மில்லி விநாடி. இடையில் உள்ள கருவிகளின் தாமதம் தனி. உள்ளூர் ஃபிளாஷ் ஸ்டோரேஜில் ஒரு எழுத்து 0.2 மில்லி விநாடியில் முடிந்துவிடும். அது இப்போது 1.7 ஆகிறது. ஒன்றன்பின் ஒன்றாக எழுதும் டேட்டாபேஸ், முன்பு விநாடிக்கு 5,000 தடவை எழுதியிருந்தால் இப்போது 600ஐத் தொடாது. எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்தத் தாமதத்தை அழிக்க முடியாது. அதனால்தான் ஒத்திசைவு முறை பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவுக்குள் வைக்கப்படுகிறது.

ஒத்திசைவற்ற முறையில் வேகம் குறையாது, இழப்பு இருக்கும். எவ்வளவு இழப்பு என்பதில் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. '15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகிறோம், ஆகவே அதிகபட்ச இழப்பு 15 நிமிடம்' என்பார்கள். 10.00 மணி நிலையை அனுப்பி முடிக்க 10 நிமிடம் ஆகிறது என்போம். 10.15 நிலை அனுப்பி முடிய 10.25. அனர்த்தம் 10.24க்கு நடந்தால் கொழும்பில் முழுமையாக இருப்பது 10.00 மணி நிலை மட்டும். இழப்பு 24 நிமிடம். மழை நாளில் இணைப்பு மெதுவானால் இது இன்னும் நீளும்.

இன்னொரு சின்ன விடயத்தையும் சொல்லிவிட வேண்டும். கிலோக்கள் ஒரு டிஸ்க் தொகுதியிலும் சம்பளக் கணக்கு இன்னொன்றிலும் இருந்தால், இரண்டின் பிரதியும் ஒரே நொடியில் வெட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் மீட்ட பிறகு, நிறுக்காத கொழுந்துக்குச் சம்பளம் இருக்கும், நிறுத்த கொழுந்துக்கு இருக்காது. ஸ்டோரேஜ்களில் இதற்கென ஒருமைக் குழு என்ற வசதி உண்டு. அதில் எல்லாத் தொகுதிகளையும் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

## மலையில் அனர்த்தம் ஒரே அடியாக வருவதில்லை

விற்பனைப் படங்களில் அனர்த்தம் மின்னல்போல வரும்: ஒரு நொடி சர்வர் இருக்கும், மறு நொடி இருக்காது. நம் மலைகளில் நடப்பது வேறு. இரவு 2 மணிக்கு எங்கோ ஒரு வளைவில் மண் சரிந்து ஃபைபரை இழுத்துக்கொண்டு போகிறது. காலை மின்சாரம் நிற்கிறது. மின்பிறப்பாக்கி ஓடத் தொடங்குகிறது. வீதி மூடப்பட்டதால் டீசல் வரவில்லை. மாலையில் கட்டிடத்துக்குப் பின்னால் உள்ள மண்மேடு விரிகிறது. முதல் அறுந்ததற்கும் கடைசி அடிக்கும் இடையே பல மணிநேரம் இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் ஹட்டன் சர்வர் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது.

இதன் விளைவுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. பூச்சிய இழப்பு என்ற வாக்குறுதி முதலில் உடைகிறது. ஒத்திசைவு முறையில் இணைப்பு அறுந்தால் ஸ்டோரேஜுக்கு முன்னால் இரண்டு வழிகள்: எழுதுவதை நிறுத்துவது, அல்லது கொழும்பை விட்டுவிட்டு உள்ளூரில் தொடர்வது. வேலை நிற்கக் கூடாது என்பதால் பல இடங்களில் இரண்டாவதைத்தான் தேர்ந்து வைத்திருப்பார்கள். அப்படியானால் இரவு 2 மணிக்குப் பிறகு எழுதியது எதுவும் கொழும்பில் இல்லை. மாலையில் கட்டிடம் போனால் இழப்பு 16 மணிநேரம். ஒப்பந்தத்தில் பூச்சியம் என்று எழுதியிருந்தாலும் இதுதான் நிலை.

2. இரு தலை நிலை. ஹட்டனும் கொழும்பும் உயிரோடு இருக்கின்றன, ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. மற்றது இறந்துவிட்டது என்று நினைத்து இரண்டும் தலைமை ஏற்றால், இரண்டு இடத்திலும் வெவ்வேறு பதிவுகள் சேரும். 2018 ஒக்டோபர் 21இல், மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையான கிட்ஹப் நிறுவனத்தில் இதற்கு நெருக்கமான ஒன்று நடந்தது. பராமரிப்பு வேலையின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு 43 விநாடிகள் மட்டும் அறுந்தது. அதற்குள் தானியங்கி முறை மேற்குக் கரையைத் தலைமையாக்கியது. கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போகாத பதிவுகள் ஒருபுறம், மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை மறுபுறம். சீராக்க 24 மணி 11 நிமிடம் ஆனது. இதைத் தடுக்க, மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி சர்வர் வைப்பார்கள். அது யாரைப் பார்க்கிறதோ அவரே தலைமை. சாட்சியைக் கண்டியில் வைத்தாலும், அதன் இணைப்பு ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் அதே மின்கம்பங்களில் தொங்கினால் பயனில்லை.

3. இரண்டு நிறுவனங்களின் இணைப்பு என்பது இரண்டு வழி ஆகாது. மலை வீதிகள் குறைவு. இரு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே வீதியின் ஒரே சரிவைக் கடக்கலாம். மழைக்காலத்தில் கடுகண்ணாவப் பகுதியில் வீதி மூடப்படுவது நமக்குப் புதிதில்லை. வழித்தட வரைபடத்தைக் கேட்டு வாங்கி, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். செய்மதி இணைப்பு ஒன்றை மாற்றாக வைப்பது இங்கே ஆடம்பரமாகாது.

4. இணைப்பு திரும்பும் நேரமே மிக ஆபத்தானது. இது அதிகம் பேசப்படாத விடயம். இணைப்பு இல்லாத நாட்களில் எந்தெந்தப் பகுதிகள் மாறின என்று ஹட்டன் ஸ்டோரேஜ் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளும். எந்த ஒழுங்கில் மாறின என்பதை அது வைத்திருக்காது. ஃபைபர் சரியானதும் மாறிய பகுதிகள் கண்டபடி கொழும்புக்குப் பாயத் தொடங்கும். அது முடியும்வரை கொழும்புப் பிரதி பழைய நிலையிலும் இல்லை, புதிய நிலையிலும் இல்லை. ஒரு டேட்டாபேஸாகத் திறக்கவே முடியாமல் போகலாம். சரிந்த மலையில் ஒரு வாரம் கழித்து மறுபடி மழை பெய்து, அந்த நேரத்தில் ஹட்டன் போனால்? கையில் எதுவும் மிஞ்சாது. பரிகாரம் எளிது: மறு இணைப்புக்கு முன் கொழும்பில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுவது. சில ஸ்டோரேஜ்கள் தாமாகச் செய்யும், சிலவற்றில் நாம்தான் அமைக்க வேண்டும்.

## பிரதி, தவறையும் விசுவாசமாகப் பிரதி எடுக்கும்

சரி, இணைப்பு நன்றாக இருக்கிறது, இரண்டு இடமும் நலம். இப்போது ஒருவர் தவறான கட்டளையை அடிக்கிறார், அல்லது ஹட்டன் சர்வரை ரான்சம்வேர் பூட்டுகிறது. ரெப்ளிகேஷனுக்கு நல்ல மாற்றம், கெட்ட மாற்றம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பூட்டப்பட்ட தரவு சில விநாடிகளில் கொழும்பிலும் இருக்கும். இணைப்பு எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாகச் சேதமும் பரவும்.

2017 ஜனவரி 31 இரவு, கிட்ஹப் போன்றே நிரல்களைச் சேமிக்கும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். பிரதி சர்வரில் இருப்பதாக நினைத்து ஒரு பொறியாளர் மூல சர்வரின் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட் மட்டும் மிஞ்சியது. ஐந்து விதமான காப்பு முறைகள் இருந்தன. எதுவும் உரியபடி கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப், மென்பொருள் பதிப்புப் பொருந்தாத கோளாறால் எடுக்கப்படாமலே இருந்தது. அது தோற்றதாகச் சொல்லும் மின்னஞ்சல்கள் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு வேலைக்காக ஆறு மணிநேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் அவர்கள் முழுதாக வெளியிட்டதால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. நம் நாட்டிலும் அப்படியான அறிக்கைகள் பொதுவெளியில் வரவேண்டும்.

ரான்சம்வேர் இன்னும் ஒரு படி மேலே. நுழைந்தவுடன் பூட்டாமல், நிர்வாகியின் கடவுச்சொல்லைத் திருடி, முதலில் ஸ்னாப்ஷாட்டுகளையும் பேக்கப்பையும் தேடி அழிக்கும் கும்பல்கள் பல. ஆகவே குறைந்தது ஒரு பிரதி, நிர்வாகி நினைத்தாலும் குறித்த நாள்வரை அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். பொருள் பூட்டு என்ற அமைப்பில் இதைச் செய்யலாம். இன்னும் எளிய வழி, சர்வரிலிருந்து கழற்றி அலமாரியில் வைக்கும் காந்தநாடா. எல்டிஓ-9 வகை நாடா ஒன்று சுருக்காமலே 18 டெராபைட் கொள்ளும். பழைய தொழில்நுட்பம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அலமாரியில் இருக்கும் நாடாவை இணையம் வழியாக யாராலும் தொட முடியாது. எனக்கு அது போதும்.

## எவ்வளவு தூரம் போதும்?

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்பது பரவலாகச் சொல்லப்படும் விதி. 'வேறு இடம்' என்பதற்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல். 2021 மார்ச் 10இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பக்கத்துக் கட்டிடமும் சேதமானது. பேக்கப்பை அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் ஒன்றாக இழந்தார்கள்.

நமக்குக் கட்டிடத்தைவிட ஆறு முக்கியம். டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் பெய்யும் மழை கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா வழியாகக் களனி கங்கையில் சேர்ந்து கொழும்பை நோக்கி இறங்குகிறது. மேலே மண்சரிவை உண்டாக்கும் அதே மழைதான் கீழே கொலன்னாவையையும் கடுவெலையையும் மூழ்கடிக்கிறது. ஹட்டனில் மூலம், களனிக் கரையோரத் தாழ்நிலத்தில் பிரதி என்றால் வரைபடத்தில் தூரம் அதிகம். ஆனால் இரண்டும் ஒரே மழையில்தான் இருக்கின்றன. மூன்றாவது பிரதி வேறு ஆற்றுப் படுகையில் இருக்க வேண்டும். மும்பை அல்லது சிங்கப்பூர் கிளவுடில் வைக்கலாம். அப்படியானால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வெளிநாட்டில் தரவைக் கையாளுவதற்கு வைத்திருக்கும் நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும்.

மலைக்குள்ளேயே இடம் தேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடம். சர்வர் அறைக்கு இடம் பார்க்கும்போது வாடகையையும் மின்சாரத்தையும் விசாரிப்பவர்கள், அறைக்குப் பின்னால் வெட்டப்பட்ட மண்சரிவு எவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை.

தூரத்தில் இருப்பதைத் திரும்பக் கொண்டுவருவதற்கும் கணக்கு இருக்கிறது. நாளாந்த மாற்றம் 50 கிகாபைட் என்றால், விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அது ஏறத்தாழ 67 நிமிடத்தில் போய்விடும். பிரச்சினையே இல்லை என்று தோன்றும். ஆனால் முழுக் களஞ்சியம் 20 டெராபைட் என்றால், அதே இணைப்பில் திரும்பக் கொண்டுவர 18 நாளுக்கு மேல். தினமும் அனுப்பப் போதுமான இணைப்பு, மீட்கப் போதாது. டிஸ்க்கை வேனில் ஏற்றி அனுப்பினால் ஒரு நாள்தான், வீதி திறந்திருந்தால். அதனால்தான் தரவோடு சேர்த்து, அதை ஓட்டக்கூடிய சர்வர்களும் தூர இடத்தில் இருப்பது மலையகத்துக்கு அவசியம்.

## 'கொழும்புக்கு மாறு' என்று யார் சொல்வது?

ஃபெயில்ஓவர் என்பது மூலம் போனதும் பிரதியைத் தலைமையாக்குவது. பொத்தானை அழுத்தும் வேலை சில நிமிடம்தான். அழுத்தலாமா என்ற முடிவுதான் மணிக்கணக்கில் இழுக்கும். ஹட்டன் உண்மையிலேயே போய்விட்டதா, அல்லது இணைப்பு மட்டுமா? மாறினால் கடைசி அரை மணிநேரம் போகும்; பொறுத்தால் ஒருவேளை போகாது. அந்த இரவில் பொறுப்பாளரின் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. ஆகவே மூன்று விடயங்களை முன்பே எழுதி வைக்க வேண்டும்: முடிவெடுப்பவர் யார், அவர் கிடைக்காவிட்டால் யார், எத்தனை மணிநேரம் தொடர்பில்லாவிட்டால் யாரையும் கேட்காமல் மாறலாம். இவை காகிதத்தில், இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். அனர்த்த மீட்புத் திட்டத்தைச் சேமித்து வைத்திருப்பதும் அதே சர்வரில்தான் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது.

திரும்பி வருவதும் திட்டத்தில் இருக்க வேண்டும். கொழும்பில் ஒரு வாரம் ஓடிய பிறகு ஹட்டனுக்கு மாறுவதென்றால், பிரதி எடுக்கும் திசையைத் திருப்பி, எல்லாம் சேர்ந்த பின் ஒரு அமைதியான இரவில் மாற வேண்டும். இடைப்பட்ட நாட்களில் தோட்டங்களில் காகிதத்தில் எழுதிய பேர்களையும் கிலோக்களையும் உள்ளே சேர்ப்பதற்கு ஆட்கள் வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு நேரமும் சம்பளமும் ஒதுக்கிய திட்டங்கள் அபூர்வம்.

## இந்த மண்ணில் ஒரு பதிவின் எடை

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையின், பாட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டது. காட்டக் காகிதம் இல்லாததால் மலையக மக்களில் பெரும்பகுதியினர் நாடற்றவர்களானார்கள். 1964இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தம், 2003இல் குடியுரிமை வழங்கிய சட்டம் என்று அந்தக் காயத்தை மூட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, எத்தனை பேர் புதைந்தார்கள் என்று முதல் நாட்களில் சொல்லப்பட்ட எண்கள் நூற்றுக்கணக்கில் வேறுபட்டன. ஒரு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அன்று காலை யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியல், அந்த மலைக்கு வெளியே ஏதோ ஓரிடத்தில் பத்திரமாக இருந்திருக்க வேண்டும். தோட்ட மருத்துவப் பதிவு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, சேமலாப நிதிக் கணக்கு, பிரதேச செயலகக் கோப்பு எல்லாம் இன்று ஒவ்வொன்றாகச் சர்வருக்குப் போகின்றன. அவை போவது நல்லது. எங்கே போகின்றன என்று கேட்கும் உரிமை அந்தப் பதிவுக்குரியவர்களுக்கு இருக்கிறது.

## ஒத்திகை: கேட்க வேண்டியவை

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒக்டோபர் மழை தொடங்குமுன், வருடத்துக்கு ஒருமுறையாவது, ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். அன்று கேட்க வேண்டிய கேள்விகள்:

1. ஹட்டனுக்கான இணைப்பைக் கையால் கழற்றிவிட்டு, கொழும்பில் சம்பள மென்பொருள் முழுதாக ஓடியதா? தரவு திறந்தது என்பதோடு நிறுத்தக் கூடாது. ஒரு தோட்டத்தின் சம்பளப் பட்டியலை அச்சிட்டு, போன மாதப் பட்டியலோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

2. எத்தனை மணிநேரம் ஆனது? எழுதி வைத்த ஆர்டிஓவோடு அது பொருந்துகிறதா?

3. மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு கோப்பை, வழமையான நிர்வாகி இல்லாமல் வேறொருவரால் மீட்க முடிந்ததா?

4. பேக்கப் தோற்றால் யாருக்குச் செய்தி போகிறது? வேண்டுமென்றே ஒருமுறை தோற்கவைத்து, செய்தி வருகிறதா என்று பார்த்தார்களா?

5. பேக்கப் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதன் திறவுகோல் எங்கே? பல இடங்களில் அது ஹட்டன் சர்வருக்குள்ளேயே இருக்கும். அந்தச் சர்வர் மண்ணுக்குள் போன நாளில், நாடா அலமாரியில் பத்திரமாக இருந்தும் யாராலும் திறக்க முடியாது. திறவுகோலை அச்சிட்டு, உறையிலிட்டு முத்திரை வைத்து, ஒன்றைக் கொழும்பிலும் இன்னொன்றை வேறொரு நகரத்து வங்கிப் பெட்டகத்திலும் வைக்கலாம். ஒத்திகை நாளில் அந்த உறைகளில் ஒன்றைத் திறந்து, அதில் உள்ள திறவுகோலால்தான் நாடாவைத் திறக்க வேண்டும்.